சபைக் கந்தோர் கிழமைக்கு நாலு நாள் திறந்தால் சரிவருமோ? யாழ்ப்பாணத்தில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைக் கந்தோர்களை நாலு நாள் கூடின நேரம் திறந்து வைச்சு ஐஞ்சாம் நாள் பூட்டிவிட்டால் பெற்றோலும் கரண்டும் மிஞ்சும், சூழலுக்கும் நல்லது எண்டு ஒரு யோசனை இருக்கு. யாழ் மாவட்டத்தில ஒரு மாநகர சபை, மூண்டு நகர சபை, பதின்மூண்டு பிரதேச சபை எண்டு 17 சபை இருக்கு, அதால இது கொஞ்சப் பேரின்ர கதை இல்லை, வரி கட்டிற எல்லாரின்ர கதையும்தான். உத்தியோகத்தரும் சனமும் கேக்கிற கேள்விகளை எடுத்து எனக்குத் தெரிஞ்ச அளவில பதில் எழுதியிருக்கிறன். நான் இந்த யோசனைக்கு ஆதரவு, ஆனா கண்ணை மூடிக்கொண்டு இல்லை, எங்கெங்க பிழைக்கும் எண்டதையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

முதல்ல இது என்ன முறை, வடிவா சொல்லுங்கோ?

கிழமைக்கு வேலை செய்யிற மணித்தியாலம் குறையாது, நாள்தான் குறையும். எங்கட அரச கந்தோர் நேரம் காலமை 8.30 தொடக்கம் பின்னேரம் 4.15 வரை, சாப்பாட்டு நேரமும் அதுக்குள்ளதான். நாளுக்கு 7 மணித்தியாலம் 45 நிமிசம், ஐஞ்சு நாளைக்கு 38 மணித்தியாலம் 45 நிமிசம். இதை நாலு நாளுக்குள்ள அடக்கினா நாளுக்கு 9 மணித்தியாலம் 41 நிமிசம் வரும், அதாவது காலமை 7.30க்கு வந்து பின்னேரம் 5.15க்குப் போகவேணும். ஐஞ்சாம் நாள் கந்தோர் பூட்டு.

இன்னொரு மெதுவான முறையும் இருக்கு. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா மட்டும் ஒரு நாள் பூட்டிறது, அதாவது பத்து நாள் வேலையை ஒன்பது நாளில முடிக்கிறது. அப்ப காலமை 8 மணிக்கு வந்து பின்னேரம் 4.40க்கு வெளிக்கிடலாம், ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கூடும். என்னைக் கேட்டா எங்கட சபைகள் இதிலதான் தொடங்கவேணும், ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

சம்பளம் குறையுமோ?

இல்லை. மணித்தியாலம் அதேதான், சம்பளமும் அதேதான். ஒரு நாள் சம்பளத்தை வெட்டிற கதை ஆராவது கதைச்சா அது வேற திட்டம், இதோட குழப்பாதேங்கோ.

2022இல வெள்ளிக்கிழமை லீவு விட்டவைதானே, திருப்பி அதுதானோ?

அது இல்லை. 2022 ஜூனில நாட்டில பெற்றோல் டீசல் இல்லாம நிண்ட நேரம் அரச ஊழியருக்கு மூண்டு மாசத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு எண்டு அமைச்சரவை முடிவெடுத்தது, எண்ணெயும் மிஞ்சும், வீட்டில தோட்டமும் செய்யலாம் எண்டு காரணம் சொன்னவை, சுகாதாரம் மாதிரி அத்தியாவசிய சேவைகளை அதில சேர்க்கேல்லை. ஆனா மற்ற நாலு நாளிலயும் நேரத்தைக் கூட்டேல்லை, சும்மா ஒரு நாளை வெட்டினது. அதால சனத்துக்குக் கிடைக்கிற சேவை அஞ்சில ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. இப்ப கதைக்கிற முறையில நேரம் குறையாது, கவுண்டர் காலமையும் பின்னேரமும் கூட நேரம் திறந்திருக்கும். அந்த அனுபவத்தால சனம் பயப்பிடுறது நியாயம், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாம எந்தச் சபையும் இதைத் தொடங்கக்கூடாது.

எங்கட நாடு கிழமையையே மாத்திப் பாத்த நாடு எண்டதையும் நினைவில வைச்சிருங்கோ. 1966 தொடக்கம் 1971 வரை சனி ஞாயிறு விடுமுறையை விட்டுட்டு போயா நாளை வைச்சு வார விடுமுறை விட்டவை. உலகத்தின்ர மற்றப் பக்கத்தோட வியாபாரம் செய்யிறதுக்கு அது ஒத்துவரேல்லை, பேந்து பழையபடி வந்தது. கந்தோர் நாளை மாத்திறது ஏலாத காரியம் இல்லை, ஆனா மாத்தினா எதோட முட்டும் எண்டு முதலே பாக்கவேணும்.

இதால சூழலுக்கு உண்மையா என்ன நன்மை?

மூண்டு இடத்தில பாக்கவேணும்.

முதலாவது உத்தியோகத்தர் வந்து போற பயணம். பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு மோட்டச்சைக்கிளில வாற ஒரு கிளாக்கரை எடுங்கோ, போக வர 65 கிலோமீற்றருக்குக் கிட்ட. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுற சைக்கிள் எண்டால் ஒரு நாளைக்கு ஒண்டரை லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வருது, அப்ப ஒரு ஆள் ஒரு நாள் வராம விட்டா மூண்டரை கிலோவுக்குக் கிட்ட மிச்சம். 2022இல பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்த புதிசில மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் குடுத்தவை எண்டதை யோசிச்சா ஒண்டரை லீற்றர் எண்டது என்ன பெறுமதி எண்டு விளங்கும். ஆனா சபைக்குப் பக்கத்தில இருந்து நடந்தோ துவிச்சக்கர வண்டியிலயோ வாறவைக்கு இதில மிச்சம் ஒண்டும் இல்லை. சில சபைகளில கனபேர் அந்த ஊர்க்காரர்தான், அங்க பயணக் கணக்கைக் காட்டி இதை வித்தெடுக்கக்கூடாது.

ரெண்டாவது கட்டிடம். லைற், ஃபேன், ஏசி, கொம்பியூட்டர், தண்ணி மோட்டர்.

மூண்டாவதுதான் ஒருத்தரும் கணக்கெடுக்காதது, சனத்தின்ர பயணம். ஒரு சபையில அறுபது உத்தியோகத்தர் இருந்தா அந்தச் சபைக்கு அலுவலா வந்துபோற சனம் அதைவிட எத்தினையோ மடங்கு. ஒரு ஃபோமில கையெழுத்து விடுபட்டுப்போய் அவை ஒருக்கா கூட வரவேண்டி வந்தா, உத்தியோகத்தர் வீட்டில நிண்டு மிச்சம் பிடிச்ச பெற்றோல் அதிலயே போயிடும். பூட்டிற நாள் தெரியாம வந்து திரும்பிப் போறவையும் இந்தக் கணக்கிலதான். அதால நாளைக் குறைக்கிறதோட ஒரே வருகையில அலுவலை முடிச்சுக் குடுக்கிற ஏற்பாடும் சேர்ந்து வந்தாத்தான் சூழலுக்கு நன்மை எண்டு சொல்லலாம்.

இன்னொண்டும் சொல்லவேணும். லீவு கிடைச்ச நாள் உத்தியோகத்தர் குடும்பத்தோட வானில கீரிமலைக்கோ கசூரினாவுக்கோ போனா எண்ணெய்க் கணக்கு தலைகீழாப் போகும். போகாதேங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, சொல்லவும் கூடாது, ஆனா மிச்சத்தைக் கணக்குப் போடேக்க அதையும் குறைச்சுத்தான் போடவேணும்.

கரண்ட் பில் எவ்வளவு குறையும்? அஞ்சில ஒரு பங்கு குறையுமோ?

அவ்வளவு குறையாது. இதுக்கு நல்ல பாடம் அமெரிக்காவின்ர யூட்டா மாநிலம். 2008 ஆகஸ்ட்டில அங்க மாநில அரச ஊழியர் 17,000 பேருக்குக் கிட்ட திங்கள் தொடக்கம் வியாழன் வரை காலமை 7 மணியில இருந்து பின்னேரம் 6 மணி வரை வேலை, வெள்ளி பூட்டு எண்டு மாத்தினவை. 2015க்குள்ள எரிசக்திப் பாவனையை 20 வீதம் குறைக்கிற இலக்கின்ர ஒரு துண்டு அது. வருசத்துக்கு 30 லட்சம் டொலர் மிஞ்சும் எண்டு எதிர்பார்த்தவை, பேந்து 2010இல கணக்காய்வு செய்து பாத்தா எரிசக்தியில மிஞ்சினது 5 லட்சம் டொலர் அளவுதான். உத்தியோகத்தரில பெரும்பாலானவைக்கு முறை பிடிச்சிருந்தது, ஓவரைமும் குறைஞ்சது, ஆனா வெள்ளிக்கிழமை கதவு பூட்டியிருக்கு எண்டு சனத்தின்ர முறைப்பாடும் இருந்தது. 2011இல மாநில சட்டசபை ஆளுநரின்ர வீற்றோவையும் தாண்டி அந்த முறையை நிப்பாட்டிப் போட்டுது.

ஏன் குறைவா மிஞ்சினது? எல்லாக் கட்டிடமும் உண்மையா பூட்டுப்படேல்லை, நேரம் கூடின நாலு நாளிலயும் கரண்ட் கூடப் போகும், பூட்டின கட்டிடத்திலயும் ஓடிக்கொண்டிருக்கிற சாமான்கள் ஓடத்தான் செய்யும்.

உங்கட சபைக்கு இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வு ஒண்டும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கந்தோர் பூட்டேக்க மீற்றரை ஒருக்கா வாசியுங்கோ, திங்கட்கிழமை காலமை திறக்க முதல் திருப்பி வாசியுங்கோ. அதுதான் ஆள் இல்லாமலே எரியிற கரண்ட், காவலாளியின்ர லைற், சிசிரிவி, சேர்வர், குளிர்சாதனப்பெட்டி, சுவரில செருகினபடி விட்ட சார்ஜர் எல்லாம் அதுக்குள்ள. அதை 24 மணித்தியாலக் கணக்குக்குப் பிரிச்சு எடுங்கோ, ஒரு வேலை நாள் பாவனையில இருந்து அந்த ஒரு நாள் பாவனையைக் கழிச்சா வாறதுதான் பூட்டினா மிஞ்சக்கூடிய ஆகக் கூடின அளவு, அதிலயும் மற்ற நாலு நாளில கூடிற ரெண்டு மணித்தியாலத்தைக் கழிக்கவேணும். இந்தக் கணக்கை ஒரு மாசம் எழுதிப் பாத்தாலே பாதி வாக்குவாதம் முடிஞ்சிடும்.

பின்னேரம் 5.15 வரை வேலை செய்தா கரண்ட் உச்ச நேரத்துக்குள்ள போகாதோ?

போகாது. மின்சார சபையின்ர உச்ச நேரம் பின்னேரம் 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை, 5.15க்குப் பூட்டினா அதுக்கு முதலே வெளிக்கிட்டாச்சு.

ஆனா இதில வேற ஒரு நுணுக்கம் இருக்கு. இப்ப கூரையில சோலார் கூடிப்போச்சு. 2025 ஏப்ரல் புதுவருச லீவில பாவனை குறையும் எண்டு, பகலில கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபையே கேட்டது. வெயில் எறிக்கிற பகலில கந்தோரைப் பூட்டி மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிற்றும் இரவு எட்டு மணிக்கு மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிற்றும் நாட்டுக்கு ஒரே பெறுமதி இல்லை. சபைக் கூரையில ஏற்கனவே சோலார் இருந்தா பூட்டின நாளிலயும் அது கரண்டை வலையமைப்புக்கு அனுப்பும், அது நல்லதுதான், ஆனா கரண்ட் மிச்சம் எண்டதை மட்டும் காரணமாக் காட்டி இந்த முறையைக் கேக்கிறது பலவீனமான வாதம். தெருவிளக்கும் குப்பை வாகனங்களும் வெள்ளிக்கிழமை கந்தோர் பூட்டினாலும் ஓடத்தான் போகுது.

அப்ப உண்மையான நன்மை எங்க?

என்ர அபிப்பிராயத்தில நேரத்தில. எங்கட ஊரில ஒரு மேசனையோ தோட்டக்காரனையோ கடற்றொழில் செய்யிற ஒருத்தரையோ எடுங்கோ. சோலைவரி (வீடு, கட்டிடத்துக்குச் சபைக்குக் கட்டிற வரி) கட்டவேணும், வியாபார உரிமம் புதுப்பிக்கவேணும், கட்டிட அனுமதிக்கு பிளான் குடுக்கவேணும் எண்டால் கந்தோர் திறக்கிற நேரம் முழுக்க அவரின்ர உழைக்கிற நேரம். 8.30க்கு வந்து வரிசையில நிண்டு, கையெழுத்துப் போடுற ஆள் ஃபீல்டுக்குப் போட்டார் எண்டு கேட்டு, பதினொரு மணிக்குத் திரும்பினா அண்டைக்கு ஆர் வேலைக்கு எடுக்கிறது, ஒரு நாள் கூலி போச்சு. கவுண்டர் காலமை 7.30க்குத் திறந்தா அவர் ஏழரைக்கு நிண்டு அலுவலை முடிச்சுப்போட்டு எட்டரைக்கு வேலைத்தலத்தில நிக்கலாம். பின்னேரம் ஐஞ்சே கால் வரை திறந்திருந்தா வேலை விட்டு வரேக்கையும் ஏலும். கடையில வேலை செய்யிற பிள்ளையளுக்கும் அப்பிடித்தான், முதலாளியிட்ட அரைநாள் லீவு கேட்டு நிக்கத் தேவையில்லை.

அதால நான் இதை ஒரு நிபந்தனையாவே வைப்பன். கந்தோர் நேரம் கூடுது எண்டால் கவுண்டர் நேரமும் முழுக்கக் கூடவேணும். உத்தியோகத்தர் 7.30க்கு வரவு இயந்திரத்தில விரல் வைச்சுப்போட்டு கவுண்டர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், காசாளர் மூண்டு மணியோட கணக்கு முடிச்சிடுவார் எண்டால் சனத்துக்கு இதால ஒரு நாள் நட்டம்தான், வேற ஒண்டும் இல்லை.

"இப்பவே எட்டரைக்கு வராதவை ஏழரைக்கு வருவினமோ?" எண்டு சனம் கேக்குது.

நியாயமான கேள்வி, கேக்கத்தான் வேணும். நேரத்துக்கு வந்து போற உத்தியோகத்தரும் கனபேர் இருக்கினம், அவையையும் சேர்த்து எல்லாரையும் பேசுறது சரியில்லை. ஆனா நேரம் கூடிற முறையில பிந்தி வாறதும் முந்திப் போறதும் முந்தினதைவிடப் பெரிய நட்டம், ஏனெண்டால் ஐஞ்சாம் நாளை அந்த நேரத்துக்குப் பதிலாத்தான் குடுக்குது. விரல் அடையாள இயந்திரத்தின்ர கணக்கைக் கிழமை மொத்த மணித்தியாலமாப் பாக்கவேணும், 38 மணித்தியாலம் 45 நிமிசம் நிரம்பாத ஆளுக்கு அந்தக் கிழமை பூட்டிற நாள் லீவில கழியும் எண்டு முதலே எழுதி வைக்கவேணும். முகம் பாத்து விடுறதெண்டால் தொடங்காமலே விடலாம்.

குப்பை எடுக்கிற தொழிலாளருக்கும் இது பொருந்துமோ?

இதிலதான் கவனம் கூடத் தேவை. விடியக்காலமை வந்து வெயிலுக்குள்ள குப்பை ஏத்திற ஆளை ஒன்பதே முக்கால் மணித்தியாலம் வேலை செய் எண்டு சொல்லேலாது, உடம்பு தாங்காது. திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் மாதிரிச் சந்தைகளின்ர ஈரக் கழிவையும் ஒரு நாள் விட்டா அடுத்த நாள் கிட்டப் போகேலாது. தீயணைப்பு, தண்ணி பவுசர், மயானம், சந்தை, இதெல்லாம் ஒரு நாளும் பூட்டேலாத சேவை.

அதுக்காக அவைக்கு ஒண்டும் இல்லாம, மேசையில இருக்கிறவைக்கு மட்டும் மூண்டு நாள் வார விடுமுறை எண்டால் அது அநியாயம், சபைக்குள்ளயே மனக்கசப்பு வரும். இங்கிலாந்தில தென் கேம்பிரிட்ஜ்ஷையர் மாவட்ட சபை 2023இல நாலு நாள் வேலையைப் பரீட்சிச்சுப் பாத்தது, முதல்ல கந்தோர் ஆக்களோட தொடங்கி அந்த வருசம் செப்டெம்பரில குப்பை எடுக்கிற ஆக்களையும் சேர்த்தவை. வீதி வரிசையை முழுக்கத் திருப்பி எழுதி திங்கட்கிழமை எடுக்காமல் மற்ற நாலு நாளில எடுக்கிறமாதிரி மாத்தினவை. எங்கட வெக்கையில வீட்டுக் கழிவுக்கு அதை அப்பிடியே கொப்பி அடிக்கேலாது. ஆனா வீதி வரிசையைத் திருப்பி எழுதிற வேலையை எந்தச் சபையும் செய்யலாம். மாநகர சபை வாகனம் கல்லுண்டாய்க்குப் போய்க் கொட்டிப்போட்டுத் திரும்பி வாற ஒவ்வொரு ஓட்டமும் டீசல், பாதி லோட்டோட போற ஓட்டத்தைக் குறைச்சா கந்தோரைப் பூட்டிறதைவிட மிஞ்சும். அப்பிடி மிஞ்சிற நேரத்தில தொழிலாளருக்குச் சுழற்சி முறையில ரெண்டு கிழமைக்கு ஒரு மேலதிக ஓய்வு நாள் குடுக்க ஏலுமோ எண்டு பாக்கவேணும். இதை முதல் வரைவிலயே எழுதாட்டி பேந்து ஒருத்தரும் எழுதமாட்டினம்.

இங்கிலாந்தில செய்தது இதே முறைதானோ?

முழுக்க இல்லை. அங்க முழுச் சம்பளத்தோட வேலை நேரத்தையே குறைச்சவை. கந்தோர் வழமை மாதிரித் திறந்திருந்தது, உத்தியோகத்தர்தான் மாறி மாறி லீவு எடுத்தவை. மத்திய அரசாங்கம் நிப்பாட்டச் சொல்லி நெருக்கினது, ஆனா சபை விடேல்லை, 2025 ஜூலையில நிரந்தரமாக்கிற தீர்மானம் எடுத்தவை. பெல்ஜியத்தில 2022இல வந்த சட்டம்தான் எங்கட கதைக்குக் கிட்ட, முழுநேர ஊழியர் அதே மணித்தியாலத்தை நாலு நாளில செய்யக் கேக்கலாம் எண்டு. ஆபிரிக்காவில காம்பியா 2013இல அரச கந்தோர்களை நாலு நாளாக்கினது, வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் தோட்டத்துக்கும் எண்டு, 2017இல ஆட்சி மாறினாப்பிறகு வெள்ளி அரைநாள் வேலை எண்டு திருப்பினவை.

எந்த நாளைப் பூட்டிறது? வெள்ளியோ?

எங்கட பக்கம் வெள்ளிக்குத்தான் கூட ஆதரவு இருக்கும். விரதக்காரர் இருக்கினம், கோயிலுக்குப் போறவை இருக்கினம், முஸ்லிம் உத்தியோகத்தருக்கு ஜும்மா. தூர இடத்து ஆக்களுக்கு வியாழன் பின்னேரமே ஊருக்கு வெளிக்கிடலாம். ஆனா வெள்ளி பூட்டினா வியாழன் 5.15க்கு முடியாம விட்ட அலுவல் திங்கள் வரை தொடராது, மூண்டு நாள் இடைவெளி. தண்ணிக்குழாய் உடைஞ்சது, வெள்ளவாய்க்கால் அடைச்சது எண்டால் ஆரைக் கேக்கிறது? புதன் பூட்டினா இடைவெளி ஒரு நாள்தான், உத்தியோகத்தருக்கும் நீட்டு நாள் ரெண்டு, ஓய்வு, திருப்பி ரெண்டு எண்டு உடம்புக்குச் சுகம். ஆனா ஊருக்குப் போறவைக்கு அதால பிரயோசனம் இல்லை. ஒன்பது நாள் முறையில ஒண்டுவிட்ட வெள்ளியைப் பூட்டிறது ரெண்டுக்கும் நடுவில நிக்குது. எந்த நாளெண்டாலும் 17 சபையும் பிரதேச செயலகமும் வேற வேற நாளில பூட்டினா சனம் விசராகிப் போகும், ஏனெண்டால் ஒரு அலுவலுக்கு ரெண்டு கந்தோருக்கும் போகவேண்டி வரும்.

பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில விடுற தாய்மார் 7.30க்கு எப்பிடி வாறது?

இதுக்கு லேசான பதில் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கிறதும் 7.30, விடுறது 1.30. பிள்ளையை விட்டுட்டு அதே நேரத்துக்குக் கந்தோரில விரல் வைக்கேலாது, பின்னேரம் 5.15க்கு வெளிக்கிட்டு பஸ் பிடிச்சு வீட்ட போகேக்க மாரி காலத்தில இருட்டிப்போடும், உள்ளூர் றோட்டுகளில அந்த நேரம் பஸ்ஸும் குறைவு. சபைக் கந்தோர்களில பெண் உத்தியோகத்தர் கனபேர், அவையிட்டக் கேக்காம ஆம்பிளையள் கூடி எடுக்கிற முடிவு இதில பிழைக்கும். நான் ஒன்பது நாள் முறையை விரும்பிறதுக்கு முதல் காரணம் இதுதான், 8 மணி தொடக்கம் 4.40 எண்டது பெரும்பாலான வீடுகளுக்குத் தாங்கும். அதுவும் ஏலாதவை பழைய நேரப்படி ஐஞ்சு நாளும் வரலாம் எண்டு விடவேணும், பூட்டின நாளில அவை ஒரு அறையில இருந்து பைல் வேலை செய்யலாம், முழுக் கட்டிடத்துக்கும் லைற் போடாம.

நெடுந்தீவு, நயினாதீவு ஆக்களுக்கு?

தீவுப்பகுதிக்குத் தனிக் கணக்குப் போடவேணும். நெடுந்தீவுப் பிரதேச சபைக்கு வெளியில இருந்து வாற உத்தியோகத்தர் குறிகட்டுவானில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட கடலில போகவேணும், படகு வாற நேரம்தான் கந்தோர் நேரம். அவைக்கு 7.30 தொடக்கம் 5.15 எண்டு எழுதிக் குடுத்தா பேப்பரில மட்டும்தான் நடக்கும். உத்தியோகத்தர் ஒரு நாள் குறைய வந்தாலும் குமுதினியோ மற்றப் படகோ ஓடத்தான் போகுது, அதால எண்ணெய் மிச்சம் எண்டு கணக்குக் காட்டேலாது. ஆனா நெடுந்தீவுக்குக் கரண்ட் கனகாலமா டீசல் ஜெனரேற்றராலதான் வந்தது, அப்பிடி வாற கரண்டில மிச்சம் பிடிக்கிற யூனிற்றுக்குப் பெறுமதி கூட. அங்கயே தங்கி நிண்டு வேலை செய்யிறவைக்கு நாலு நாள் நீட்டு வேலை, மூண்டு நாள் வீடு எண்டது பெரிய நிம்மதி, தங்குமிடம் ஒழுங்கா இருந்தா ஆக்கள் இடமாற்றம் கேட்டு ஓடுறதும் குறையலாம்.

சனத்தின்ர பக்கம் பாத்தா நயினாதீவார் வேலணைப் பிரதேச சபைக்கும் அனலைதீவார் எழுவைதீவார் ஊர்காவற்றுறைக்கும் கடல் கடந்து வாறவை. வந்து பூட்டியிருந்தா படகுக் காசும் போச்சு, நாளும் போச்சு. பூட்டிற நாளை இறங்குதுறைகளில எழுதி ஒட்டவேணும், ஃபேஸ்புக்கில போட்டா மட்டும் காணாது.

போயாவும் பொங்கலும் வாற கிழமையில என்ன செய்யிறது?

அரச விடுமுறை வந்த கிழமையில பூட்டிற நாள் இல்லை, வழமையான நேரம். இந்த விதி இல்லாட்டி புதன் போயா, வெள்ளி பூட்டு எண்டு கந்தோர் மூண்டு நாள்தான் திறக்கும், அதைச் சனம் மன்னிக்காது. எங்கட நாட்டில விடுமுறை நாள் கூட எண்டபடியா நாலு நாள் முறை வருசத்தில எல்லாக் கிழமையும் ஓடாது எண்டும் விளங்கிக் கொள்ளுங்கோ.

லீவு எப்பிடிக் கணக்கிடுறது?

இப்ப வருசத்துக்கு அமய லீவு 21, ஓய்வு லீவு 24, மொத்தம் 45. நீட்டு நாளில ஒரு லீவு எடுத்தா கூட நேரம் போகுது, அப்ப நேரக் கணக்கில பாத்தா இப்பத்தை 45 நாள் 36 நீட்டு நாளுக்குத்தான் சமன். இதை முதலே சொல்லாட்டி தொழிற்சங்கங்கள் கேள்வி கேக்கும், கேக்கிறதும் சரி.

சபை தீர்மானம் எடுத்தா காணுமோ?

காணாது. ஊழியர் மாகாண அரச சேவைக்குள்ள வாறவை, கந்தோர் நேரமும் லீவும் தாபன விதிக்கோவைக்கும் சுற்றறிக்கைகளுக்கும் உட்பட்டது. சபையில தீர்மானம் எடுத்து, உள்ளூராட்சி ஆணையாளர் ஊடா மாகாண நிர்வாகத்திட்ட அனுமதி எடுக்கவேணும். மாகாண சபை 2018 ஒக்ரோபரோட முடிஞ்சாப்பிறகு ஆளுநரின்ர கையிலதான் கனக்க இருக்கு. ஆனா 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு சபைகளில தெரிவான ஆக்கள் இருக்கினம், சனத்திட்டக் கேட்டு முன்மொழிவை எழுதி அனுப்பிறது அவையின்ர வேலை. தகவல் அறியும் சட்டம் மாதிரி "14 வேலை நாள்" எண்டு எழுதின கெடுகளுக்குப் பூட்டிற நாளையும் வேலை நாளாவே எண்ணவேணும், இல்லாட்டி சனத்தின்ர விண்ணப்பம் சும்மா கிடந்து பிந்தும்.

எல்லாத்தையும் ஒன்லைனில குடுத்தா இந்தச் சோலியே தேவையில்லையே?

வரி கட்டிறதை, உரிமம் புதுப்பிக்கிறதை ஃபோனில செய்ய விட்டா அது இதைவிட நல்லம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரும் இல்லை. ஆனா ஃபோமையும் ஒன்லைனில நிரப்பி, பிறிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு நேர வரச்சொன்னா அது ஒன்லைன் இல்லை. வயது போனவைக்குக் கவுண்டர் எப்பவும் வேணும்.

சரிவந்ததோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?

தொடங்க முதல் மூண்டு மாசம் எழுதி வையுங்கோ. கந்தோர் மீற்றர், தெருவிளக்கோ பம்போ கலக்காத தனி மீற்றர். உத்தியோகத்தர் எங்க இருந்து எதில வருகினம் எண்டு. கவுண்டருக்கு எந்த மணித்தியாலத்தில எத்தினை பேர் வருகினம், அதில எத்தினை பேர் அலுவல் முடியாமத் திரும்பினவை. முறைப்பாட்டுப் புத்தகத்தில பதிஞ்சதுக்கும் முடிச்சதுக்கும் இடையில எத்தினை நாள். சுகயீன லீவு. பிறகு ஒரு வருசம் அதையே எழுதி, மாசியை மாசியோட ஒப்பிடுங்கோ, வைகாசியோட இல்லை, ஏனெண்டால் வெக்கையில ஃபேனும் ஏசியும் ஓடுற அளவு வேற. அந்தக் கணக்கைக் கந்தோர் வாசலில ஒட்டுங்கோ. கரண்ட் கொஞ்சம் மிஞ்சி, சனம் திரும்பிப் போறது கூடியிருந்தா முறையை நிப்பாட்டவேணும், யூட்டாவில நிப்பாட்டினது மாதிரி.

எப்ப தொடங்கினா நல்லது?

தை மாசத்தில வேண்டாம். தை 31க்குள்ள முழு வருச சோலைவரியைக் கட்டினா 10 வீதம் கழிவு எண்டபடியா அந்த மாசம் கவுண்டரில நிக்க இடம் இருக்காது. மாநகர சபையும் நல்லூர்ப் பிரதேச சபையும் எண்டால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் றோட்டிலயும் குப்பையிலயும் மாளும், அந்த நேரமும் வேண்டாம். ஒரு நடுத்தரப் பிரதேச சபை மாசியில தொடங்கி மூண்டு மாசக் கணக்கெடுப்பை முடிச்சு, வைகாசியில ஒன்பது நாள் முறையோட தொடங்கினா கார்த்திகை மார்கழியில வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரேக்க கையில ஆறு மாசக் கணக்கு இருக்கும், அதை வைச்சு நீடிக்கிறதோ விடுறதோ எண்டு உறுப்பினர் வாக்கெடுக்கலாம்.